ஆரணி வானத்தில் வடதுருவ ஒளி

துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு நல்ல வார்த்தை பேசும்படி அழைத்திருக்கிறார்கள். நல்ல வார்த்தையாக என்னிடம் அதிகம் இல்லை. காந்தமானியைச் சமன் செய்வதையும் பதிவுத் தாளைப் படிப்பதையும் இங்கே உங்களுக்குப் பழக்கிவிடுவார்கள். ஒருவர் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து ஒன்றைச் சொல்லும்போது, அதை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவெடுக்கும் இடத்தில் நிற்பீர்களே, அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த இடத்தில் நின்றுதான் நான் என் குருவை இழந்தேன். அண்ணனையும் இழந்தேன்.

குரு என்று யாரைச் சொல்கிறேன் என்பது இங்கே பழையவர்களுக்குத் தெரியும். பெயர் வேண்டாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் சேர்ந்தபோது அவர்தான் எங்கள் பிரிவுக்குத் தலைவர். வடதுருவ ஒளி வழக்கத்துக்கு மாறாகத் தெற்கே எவ்வளவு தூரம் வரை தெரிந்திருக்கிறது என்று பழைய செய்திகளைத் திரட்டிக்கொண்டிருந்தார். சூரியனிலிருந்து பெரும்புயல் வந்து பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கும்போது, துருவத்தை ஒட்டி மட்டும் தெரியும் ஒளி கீழே இறங்கி வரும். 1859இல் கியூபாவில் கண்டார்கள். 1872 பிப்ரவரியில் பம்பாயில் தெரிந்ததாகச் செய்தி இருக்கிறது. அவ்வளவு தெற்கே இருப்பவர்களுக்குப் பச்சைத் திரையோ அலையோ தெரியாது. ஒளியின் உச்சிப் பகுதி மட்டும் வடக்கே அடிவானத்துக்குச் சற்று மேலே சிவப்பாகத் தெரியும். தொலைவில் ஏதோ ஊர் பற்றி எரிகிற மாதிரி இருக்கும். சிக்கலே அதில்தான்.

சேர்ந்த புதிதில், கிழக்குக் கடற்கரைத் துறைமுகம் ஒன்றிலிருந்து வந்த பழைய பத்திரிகைச் செய்தியைக் கண்டுபிடித்தேன். வடவானம் முழுக்கச் சிவந்தது, ஜனங்கள் திகைத்து நின்றார்கள் என்று இருந்தது. யாரும் அதுவரை எடுத்துக்காட்டாத செய்தி. ஓடிப்போய் அவர் மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். நட்சத்திரம் தெரிந்ததா என்று. நான் மறுபடி படித்தேன். மேகங்கள் இரத்தம்போல் ஒளிர்ந்தன என்றுதான் எழுதியிருந்தது. வடதுருவ ஒளி மேகத்துக்கு வெகு உயரத்தில் நிற்பது, மேகம் அதை மறைக்குமே தவிர அதனால் சிவக்காது என்றார். மேகத்தின் அடிவயிறு சிவந்தால் கீழே மண்ணில் ஏதோ எரிகிறது. செய்தியைத் தள்ளிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்து, 1938இல் ஐரோப்பாவில் இந்த ஒளியைத் தீ என்று நினைத்துத் தீயணைப்பு வண்டிகள் கிளம்பிய கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். வேலை என்றால் இதுதான் என்று அன்று நினைத்தேன். ஆசைப்பட்டு எடுத்துவந்த ஒன்றை ஒரு கேள்வியில் கீழே வைக்கத் தெரிய வேண்டும். அவரைப் போல ஆக வேண்டும் என்று பத்து வருஷத்துக்கு மேல் ஆசைப்பட்டேன்.

2003 அக்டோபர் கடைசியில் வந்த சூரியப்புயல் உங்கள் பாடத்தில் இருக்கும். எங்கள் பதிவுத் தாள்களில் கோடுகள் எல்லை தாண்டித் துள்ளின. உலகமெங்கும் அதே பேச்சு. மத்தியதரைக் கடல் பக்கம் வரை ஒளி தெரிந்ததாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. அந்த வாரத்தில் ஆரணியிலிருந்து ஒரு நிருபர் எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். பொழுது சாய்ந்ததும் வடக்கே வானம் சிவந்தது, பட்டு நெசவுத் தெருக்களில் எல்லோரும் மாடி ஏறிப் பார்த்தார்கள், இதுதான் அதுவா என்று கேட்டார். தலைவர்தான் பேசினார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். புயல் மிகப் பலமானது, வாய்ப்பு இல்லை என்று சொல்ல முடியாது, ஆராய்வோம் என்றார். மறுநாள் பத்திரிகையில் ஆரணி வானில் வடதுருவ ஒளி, விஞ்ஞானி உறுதி என்று வந்துவிட்டது. அவர் அந்தத் துண்டை வெட்டி வைத்துக்கொண்டார். மறுப்பு அனுப்பவில்லை.

இந்த ஒரு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நிருபரிடம் வாய்ப்பு உண்டு என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு அது சந்தேகத்தைக் குறிக்கும் சொல். அச்சில் ஏறும்போது அது சத்தியமாகிவிடும்.

நான் ஆரணிக்காரி என்பதால் பார்த்தவர்களிடம் விவரம் கேட்டுவர என்னையே அனுப்பினார். பம்பாயைவிட எவ்வளவோ தெற்கே இருக்கும் ஊர். உறுதியானால் உலகத்திலேயே பேசப்படும் என்று பேருந்து நிலையம் வரைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தனை வருஷம் மற்றவர்கள் பார்த்ததைத் திரட்டியவருக்குத் தன்னுடையதென்று ஒன்று வேண்டியிருந்தது. அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

அண்ணன் வீட்டில் இறங்கினேன். தீபாவளி முடிந்து தறிகள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த நேரம். ஊரே என்னைச் சூழ்ந்துகொண்டது. எங்கள் ஊருக்குத் துருவ ஒளி வந்ததில் எல்லோருக்கும் பெருமை. நான் அவர் கற்றுக்கொடுத்த கேள்வியையே ஒவ்வொருவரிடமும் கேட்டேன். தனித்தனியாகக் கேட்டேன். ஒருவர்கூட நட்சத்திரம் பார்த்ததாகச் சொல்லவில்லை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது, வானம் மூடியிருந்தது, மேகமே குங்குமம் கொட்டினதுபோல் இருந்தது என்றார்கள். கொஞ்ச நேரம் ஏறி ஏறி இறங்கிப் பிறகு மங்கிப்போனதாம். எந்தப் பக்கம் என்று கேட்டால் எல்லோருடைய கையும் கண்ணமங்கலம் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கரட்டுக் குன்றைக் காட்டியது.

அந்தப் பக்கம் ஏதாவது எரிந்ததா என்று அண்ணனைக் கேட்டேன். பதில் உடனே வந்தது. கரட்டுக்குப் பின்னால் ஒரு சாயப்பட்டறை எரிந்தது, ஆனால் அது மறுநாள் விடியற்காலை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றான். யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பதுபோல் இருந்தது. அண்ணி சோறு போட்டுக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

அண்ணன் வெளியே போனதும் அண்ணி என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். மாடிக்கு அவளும் ஏறிப் பார்த்திருக்கிறாள்.

"காத்து அங்கேருந்து வந்துகினு இருந்துது. பட்டு எரியற வாடை. முடி பொசுங்கின மாரி நாறும் பாரு, அதே வாடை. தறிக்காரி எனுக்குத் தெரியாதா? வெளிச்சம் இருந்தப்பவே வந்துது அந்த வாடை. விடியக்காலைல இல்ல."

இதை வேறு யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன்.

"யார்கிட்ட சொல்றது? வூட்ல ஓடற தறி அத்தினியும் பட்டறைக்காரரு குடுத்த பாவு நூலு. உங்க அண்ணன பேஜார்ல மாட்டி வெக்கச் சொல்றியா? நான் சொன்னேன்னு எங்கயும் பேசாத."

சத்தியம் வாங்கிக்கொண்டாள். வெகு காலம் கழித்து அவளே விடுவித்ததால்தான் இதை இங்கே சொல்கிறேன். அன்று பிற்பகலே கரட்டுக்குப் போனேன். பட்டறை இடம் கரிக்கட்டையாகக் கிடந்தது. ஆட்கள் இடிபாட்டை அள்ளிக்கொண்டிருந்தார்கள். என்னை உள்ளே விடவில்லை. விறகு அடுக்கியிருந்த மேடு சாம்பலாய்ப் பெரிதாய்க் குவிந்து கிடந்தது. அது எரிந்திருந்தால் தாழ்ந்த மேகம் எத்தனை மைலுக்கும் சிவந்திருக்கும். திரும்பும் வழியில் டீக்கடையில்தான் தெரிந்தது, அந்தத் தீயில் வெந்த சாயத் தொழிலாளி தணிகாசலம் வேலூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோய் முந்தின நாள்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள் என்று.

அவர் மனைவி ராஜேஸ்வரியைப் போய்ப் பார்த்தேன். ஏரிக்கரைத் தெருவில் ஓட்டு வீடு. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அழுது ஓய்ந்து, யார் வந்தாலும் சொல்லிச் சொல்லி, குரலில் எதுவும் மிச்சமில்லாமல் பேசினாள்.

"பொழுதோட எல்லாரும் வூட்டுக்குப் பூட்டாங்க. கொதிக்கிற சட்டிய பாத்துகினு இருன்னு இவர மட்டும் உள்ள வெச்சி வெளிய பூட்டிகினு போயிருக்காங்க. உள்ள ஜரிகை இருக்குதாம், தூக்கிகினு பூடுவாராம். தீ புடிச்சி, கத்தி, மொதலாளி ஆளுங்க வந்து கதவ ஒடச்சி வெளிய எடுத்தப்பவே பாதி வெந்துட்டாரு. அப்பவே வேலூருக்குக் கொண்டுகினு போயிருந்தா பொழச்சிருப்பாரு. பூட்டி வெச்சது வெளிய வந்துடும்னு, விடியற வரைக்கும் மொதலாளி கெணத்து மோட்டார் ரூம்ல சாக்கு மேல போட்டு வெச்சிருந்தாங்க. சாவறதுக்கு முன்னாடி அவரே எங்கிட்ட சொன்னாருக்கா."

ஆஸ்பத்திரிப் பதிவில் காலையில் சேர்த்ததாகத்தான் இருந்தது. முதலாளி சொன்ன கதைக்கு அது பொருந்திவிட்டது. விடியற்காலையில் தணிகாசலம் தானாகவே பட்டறையைத் திறந்து உள்ளே போய் பீடி பற்றவைத்தான், தீ பிடித்தது, உடனே வண்டியில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினோம். இதுதான் அந்தக் கதை. சாயங்காலம் என்று நிரூபித்தால் பூட்டியதும் குற்றம், இரவெல்லாம் போட்டுவைத்தது அதைவிடப் பெரிய குற்றம். விடியற்காலை என்றால் செத்தவன்தான் குற்றவாளி.

"ஊரே சாயங்காலம் வெளிச்சம் பாத்துதே, அது தீதானேன்னு கேட்டேன். அவங்க வக்கீலு பேப்பர காட்டறாரு. அது வடக்கு துருவத்துலேருந்து வந்த வெளிச்சம்மா, சயின்டிஸ்டே சொல்லியிருக்காருன்றாரு. முந்தா நாள் வரைக்கும் சாட்சி சொல்றேன்னு இருந்தவங்ககூட, எதுக்கும்மா, அது தீ இல்லியாமேன்னு ஒதுங்கிகினாங்க. நீங்கதான் படிச்சவங்களாச்சே. அது இன்னா வெளிச்சம்க்கா?"

மேகத்துக்குக் கீழே இருந்து வந்த வெளிச்சம் என்று சொன்னேன். அவளுக்கு அது புரியவில்லை. தீயம்மா, தீதான் என்றேன்.

அடுத்த நாளே திரும்பி வந்து தலைவர் முன்னால் உட்கார்ந்தேன். அவரிடம் எனக்கு இருந்த நம்பிக்கையில், அரைமணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். மேகம் சிவந்தது, நட்சத்திரம் இல்லை, தூறல், வெளிச்சம் ஏறி இறங்கியது, திசையில் பட்டறை. வரிசையாகச் சொன்னேன். பட்டறைக்காரர் அந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்பதையும் சொன்னேன். பத்திரிகைக்கு ஒரு வரி, நாங்கள் உறுதி செய்யவில்லை என்று அனுப்புங்கள், அது போதும் என்றேன்.

 மேகத்தில் இடைவெளி இருந்திருக்கலாம் என்றார் அவர். நெசவுக்காரர்களுக்கு மேகத்துக்கும் அதற்கு மேலே இருப்பதற்கும் வித்தியாசம் எப்படித் தெரியும் என்றார். அந்தத் துறைமுகச் செய்தியை இதே காரணத்துக்குத் தள்ளினீர்களே சார் என்றேன். அன்று இவ்வளவு பெரிய புயலுக்கு அத்தாட்சி இல்லை, இன்று நம் கருவியிலேயே இருக்கிறது என்றார்.

"ஒரு ஆள் செத்துட்டான்னு நீ கலங்கிப்போய் வந்திருக்கே. அதை வெச்சு ஒரு அப்சர்வேஷனைத் தள்ளக் கூடாதும்மா."

"அதை வெச்சுத் தள்ளலை சார். மேகத்தை வெச்சுத் தள்றேன்."

"நீ அந்த ஊர்ப் பொண்ணாப் பேசறே. சயின்டிஸ்டாப் பேசு."

என் அறிக்கையை நான் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை ஏற்கவில்லை. போலீஸ் விவகாரத்தில் நிறுவனத்தை இழுக்கக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் எச்சரித்தார். கூட வேலை செய்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் இருவருக்காவது மேகத்தைப் பற்றி என்னளவுக்குத் தெரியும்.

ராஜேஸ்வரி மனு கொடுத்திருந்ததால் செய்யாறு கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஆரணியில் இறங்காமல் நேராகப் போனேன். எப்படியோ தெரிந்து அண்ணன் அங்கே வந்து காத்திருந்தான். வாசலில் என்னைத் தனியே அழைத்தான். பட்டறைக்காரர் பாவு நூல் தருவதை நிறுத்திவிட்டால் தன் வீட்டில் உலை கொதிக்காது என்றான். உனக்கு மாசம் பிறந்தால் சம்பளம், எங்களுக்கு யார் என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. நான் உள்ளே போனேன். அன்றைக்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை.

விசாரணை அதிகாரி நிதானமான மனிதர். நிறுவனத்தின் சார்பில் வந்திருக்கிறீர்களா, தனியாகவா என்று முதலில் கேட்டார். தனியாக என்றேன். முதலாளியின் வக்கீல் பத்திரிகைத் துண்டையும், அதோடு எங்கள் தலைவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றையும் நீட்டினார். ஆரணியில் கண்ட ஒளி ஆய்வில் உள்ளது, வடதுருவ ஒளியாக இருக்கும் வாய்ப்பு வலுவானது என்று கடிதம் சொன்னது. கேட்டதும் எழுதிக் கொடுத்திருக்கிறார். யாருக்காகக் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. நானே சொல்லியிருந்தேன்.

அதிகாரி என்னைக் கேட்டார். "அந்த வெளிச்சம் அந்தப் பட்டறை எரிஞ்ச வெளிச்சம்தான்னு நீங்க உறுதியாச் சொல்ல முடியுமாம்மா?"

இதே கேள்வி உங்களிடமும் ஒருநாள் கேட்கப்படும். நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சாட்சிக்கு வரவில்லை. அண்ணியின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அது வடதுருவ ஒளி இல்லை, மேகத்துக்குக் கீழே தரையில் எரிந்த தீ என்பதை உறுதியாகச் சொல்வேன், அந்தத் திசையில் நான் விசாரித்தவரை வேறு எதுவும் எரியவில்லை, எந்தக் கட்டடம் என்பதற்குக் கண்ணால் கண்ட சாட்சி என்னிடம் இல்லை என்றேன். பட்டு எரிந்த வாடை வந்ததாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள், பெயர் சொல்ல முடியாது என்றேன். வக்கீல் சிரித்தார்.

"அப்ப அம்மாவுக்கும் உறுதியாத் தெரியலைங்க" என்று அதிகாரியிடம் சொன்னார்.

தெரியும் என்று எழுந்து சொன்னேன். அதிகாரி கையமர்த்திவிட்டார். தீப்பிடித்த நேரத்தை முடிவு செய்ய இயலவில்லை என்று எழுதி முடித்தார்கள். வழக்கு அதற்குமேல் போகவில்லை. ராஜேஸ்வரி வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் விவரம் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினாள். எனக்காக வந்தீங்களே என்றாள். அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று பேருந்தில் வரும்போது நினைத்தேன்.

ஒருவர் சந்தேகமாகச் சொன்னது உறுதியாகி ஊர் முழுக்கப் பரவியது. நான் உறுதியாகச் சொன்னது சந்தேகமாகிக் கோப்புக்குள் போனது. நான் சொன்ன விதம் தவறு என்று இன்றும் நினைக்கவில்லை. தெரிந்ததற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு நியாயம் கிடைத்திருக்குமோ என்று கேட்பீர்கள். கிடைத்திருக்கலாம். ஆனால் தெரிந்ததற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதால்தானே இவ்வளவும் வந்தது. இதில் உங்களுக்கு ஆறுதலாக எதையும் எடுத்துக்கொடுக்க என்னால் முடியாது. சரியாக நடந்துகொண்டால் பலன் கிடைக்கும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அவர் நம் துறையில் வேலை செய்தவர் இல்லை.

திரும்பி வந்ததும் பழைய செய்திகள் திரட்டும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். ஓய்வு பெறும்வரை கருவிப் பராமரிப்பில்தான் இருந்தேன். தலைவர் கட்டுரை எழுதினார். வடதுருவ ஒளி மிகத் தெற்கே தெரிந்த இடங்களின் பட்டியலில் ஆரணியும் சேர்ந்தது. இதழாசிரியருக்கு மறுப்பு எழுதினேன். கட்டுரையாளர் பதில் அளிக்க வேண்டும் என்று சொன்னார்கள். அவர் அளிக்கவில்லை. பிறகு வந்தவர்கள் அவர் பெயரை நம்பி அந்தப் பட்டியலை அப்படியே எடுத்து ஆண்டார்கள். இன்று காலை உங்கள் கையில் கொடுத்த வரைபடத்திலும் அது இருக்கிறது. எடுத்துவிடுங்கள். என் காலத்தில் முடியவில்லை.

ஓய்வுக்கு முன்னால் ஒரு தடவை அண்ணி கூப்பிட்டாள் என்று ஆரணிக்குப் போயிருந்தேன். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். ராஜேஸ்வரி எங்கே என்று விசாரித்தேன். விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்வதாகச் சொன்னார்கள். கூடம் அதே முதலாளியுடையது. வேறு எங்கும் அவளுக்கு வேலை கொடுக்கவில்லையாம். தறிச் சத்தத்தில் பேச முடியாது என்று வெளியே வந்தாள். தலையில், புருவத்தில் எல்லாம் நூல் தூசி. பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். என் உடம்பைப் பற்றிக் கேட்டாள். 

"அந்தப் பேப்பர்ல சொன்னாரே உங்க சாரு, அவரு இப்ப எப்டிக்கா இருக்காரு?"

இறந்துவிட்டார் என்றேன்.

"எப்டி?"

தூக்கத்திலேயே போய்விட்டார், வீட்டில், எல்லோரும் பக்கத்தில் இருந்தார்கள் என்றேன்.

முந்தானையால் முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரலில் கோபம் இருக்குமா என்று பார்த்தேன். இல்லை.

"நல்ல சாவுக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.